உப்பு விலகிய ஆறு

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு கினியாவின் ஃபூட்டா ஜலோன் மேட்டுநிலத்தில் பிறந்து, மாலியைக் கடந்து, பின்பு செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் எல்லையாக ஓடி, சேன் லூயி நகரத்தருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. கடைசிச் சில நூறு கிலோமீட்டரில் நிலம் ஏறக்குறைய மட்டமாகக் கிடப்பதால், வறண்ட மாதங்களில் நீர்வரத்து குறைந்ததும் கடல் ஆற்றுக்குள் ஏறிவிடும். 200 கிலோமீட்டருக்கு மேல் உப்புநீர் புகுந்த ஆண்டுகளும் உண்டு. கண்ணெதிரே ஆறு இருந்தும் பல மாதங்கள் அந்தக் கரையில் குடிக்க நீரில்லை, பயிருக்கும் இல்லை.

1960களின் இறுதியில் தொடங்கி சஹேல் பகுதி முழுவதையும் வாட்டிய வறட்சி அந்த நிலைமையைத் தாங்க முடியாததாக்கியது. மாலி, மொரிட்டானியா, செனகல் மூன்றும் 1972இல் ஆற்றுக்கென ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்தின. இரண்டு அணைகள் திட்டமிடப்பட்டன. மேலே மாலியில், பாஃபிங் கிளையாற்றின் குறுக்கே மனந்தாலி நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் விடும். கீழே, கடலிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் டியாமா உப்பைத் தடுக்கும். 3,75,000 ஹெக்டேர் பாசனம், மின்சாரம், கப்பல் போக்குவரத்து என்று கணக்குப் போட்டார்கள். டியாமா 1986இல் செயல்பாட்டுக்கு வந்தது. உப்பு நின்றது. சொன்னதைச் செய்த அணை அது. தோல்வியடைந்த திட்டமென்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். இங்கே நடந்த கேட்டுக்குக் காரணம் அணையின் தோல்வியல்ல, அதன் வெற்றி.

ஏறத்தாழ இரண்டே ஆண்டில், 1988இன் தொடக்கத்தில், ஆற்றங்கரை நகரமான ரிஷார் டோலில் ஒரு மலப் பரிசோதனையில் அந்தப் பகுதிக்குப் புதிதான ஒரு முட்டை தென்பட்டது. பக்கவாட்டில் முள் நீட்டிய முட்டை. குடலையும் கல்லீரலையும் தாக்கும் சிஸ்டோசோமா மான்சோனி என்ற தட்டைப்புழு இட்டது. 1989 முடிவதற்குள் அந்நகரில் பரிசோதித்த மல மாதிரிகளில் பாதியளவில் அதே முட்டை இருந்தது. 1990களின் தொடக்கத்தில், பக்கத்திலிருக்கும் ந்டோம்போ கிராமத்தில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் புழு இருந்தது. ஒரு தொற்று இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு வட்டாரத்தையே பிடித்த நிகழ்வுகள் இந்நோயின் வரலாற்றிலேயே அரிது.

நோயின் பெயர் சிஸ்டோசோமியாசிஸ். தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1851இல் கெய்ரோவின் கஸ்ருல் ஐனி மருத்துவமனையில் பிணப் பரிசோதனையின்போது ரத்தக் குழாய்க்குள் இந்தப் புழுவைக் கண்டதால் பில்ஹார்சியா என்றும் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இதற்குத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 25 கோடிக்கும் மேல். கிடைத்தவர்கள் ஏழரைக் கோடி. பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். உடனே கொல்லும் நோயல்ல என்பதாலேயே இது செய்தியாவதில்லை. சிறுவயதில் ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, வகுப்பில் கவனம் நிற்காமை. வயது ஏறியபின் கல்லீரல் இறுகிப்போதல், ரத்த வாந்தி. சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் இன்னொரு இனமான சிஸ்டோசோமா ஹெமட்டோபியம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். எகிப்தின் புகழ்பெற்ற பாடகர் அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் நைல் கழிமுகத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் தொற்றிய பில்ஹார்சியா அவருடைய கல்லீரலை அரித்து, 47ஆம் வயதில், 1977இல் லண்டன் மருத்துவமனையொன்றில் உயிரைக் கொண்டுபோனது. புகழும் பணமும் வந்து சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே முட்டைகள் வந்துவிட்டிருந்தன.

புழுவின் வாழ்க்கைச் சுற்றைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சமூகமும் சூழலும் எந்தெந்த இடத்தில் உள்ளே நுழைகின்றன என்பது அதில்தான் இருக்கிறது. ஆண் புழுவின் உடல் நெடுக ஒரு பள்ளம். பெண் புழு அதற்குள் பொருந்திக்கொள்ள, ஜோடியாக நம் சிரைகளில் ஆண்டுக்கணக்கில் வாழும். மான்சோனிப் பெண் புழு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு பாதி மலத்தோடு வெளியேறும். மறுபாதி உடலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நோய் என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சிக்கிய முட்டைகளுக்கு எதிராக உடல் நடத்தும் போரின் சேதம்தான். வெளியேறிய முட்டை நல்ல நீரில் விழுந்தால் பொரித்து இளம்புழு வரும். அதற்குச் சுமார் ஒரு நாள்தான் ஆயுள். அதற்குள் தனக்கேற்ற நத்தையைக் கண்டு உள்ளே நுழைய வேண்டும். எந்த நத்தையும் உதவாது. நுழைந்துவிட்டால் நத்தையின் உடலுக்குள் பல்கிப் பெருகி, சில வாரங்களில் வாலுள்ள வேறொரு வடிவமாக ஆயிரக்கணக்கில் வெளியேறும். செர்கேரியா என்ற அந்த வடிவம் நீரில் நிற்பவரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்துவிடும். குடித்தால்தான் வரும் நோயல்ல இது. காலை நனைத்தாலே போதும். மான்சோனியின் செர்கேரியாக்கள் பெரும்பாலும் நடுப்பகலையொட்டி, வெயில் நன்றாக ஏறியபின் வெளிவருகின்றன. பிள்ளைகள் ஆற்றில் குதிப்பதும் அந்த நேரத்தில்தான்.

ஆக, மூன்று கண்ணிகள்: மனிதக் கழிவு நீரைச் சேர வேண்டும், அந்த நீரில் குறிப்பிட்ட நத்தை வாழ வேண்டும், மனிதர் அதே நீரில் இறங்க வேண்டும். பழைய செனகல் கழிமுகத்தில் முதலாவதும் மூன்றாவதும் எப்போதும் இருந்தன. நடுக்கண்ணியை உப்பு அறுத்து வைத்திருந்தது. மான்சோனியைச் சுமக்கும் பயோம்ஃபலேரியா நத்தை உப்பைத் தாங்காது, வேகமான ஓட்டத்தையும் தாங்காது. ஆண்டுதோறும் வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வரும் நீரில் அதன் கூட்டம் நிலைக்காது. டியாமா ஒரே வீச்சில் மூன்று தடைகளையும் அகற்றியது. நீர் ஆண்டு முழுவதும் நன்னீரானது. மட்டம் ஏறி இறங்குவது நின்றது. நீரின் காரத்தன்மை சற்றுக் கூடியது. அதுவும் நத்தைக்குச் சாதகம். கரையோரம் சம்பங்கோரை அடர்ந்து, மொரிட்டானியக் கரையில் படகே போகமுடியாத அளவுக்குச் சுவர்போல நின்றது. கரும்பு வயல்களிலிருந்து வடிந்த உரம் நீருக்குள் மூழ்கி வளரும் கொடிகளைக் கொழுக்க வைத்தது. கொடியின் இலைகளில் படியும் பாசியே நத்தைக்கு உணவு.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பாத்திரம் இறால். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் வாழும் ஒருவகைப் பெரிய நன்னீர் இறால் நத்தைகளைத் தேடித் தின்னும். ஆனால் அதன் குஞ்சுகள் உவர்நீரில்தான் வளரும். சினையுற்ற பெண் இறால் கழிமுகத்துக்கு இறங்கி, குஞ்சுகள் வளர்ந்தபின் ஆற்றில் மேலேற வேண்டும். டியாமா அந்த வழியை அடைத்தது. நத்தைக்கு வீடும் உணவும் தந்த அதே கட்டுமானம் நத்தையைத் தின்பதையும் விரட்டியது. ஆற்றோரத்து மீனவர்களுக்கு இறால் குறைந்தது தெரிந்திருந்தது. ஆனால் இறாலுக்கும் சிறுவர்களின் வயிற்றுவலிக்கும் தொடர்பிருக்கலாம் என்று உயிரியலாளர்கள் சோதித்துப் பார்க்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

நத்தை மட்டும் வந்தால் போதாது, புழுவும் வரவேண்டுமே! அதைக் கொண்டுவந்தது கரும்பு. ரிஷார் டோலில் 1970களிலிருந்தே பெரிய சர்க்கரை ஆலை இருந்தது. நன்னீர் உறுதியானதும் தோட்டம் விரிந்தது, வெட்டவும் ஆலையில் உழைக்கவும் நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் மான்சோனி ஏற்கெனவே இருந்த இடங்களைச் சேர்ந்தவர்கள். நகரம் சில ஆண்டுகளில் பெருத்தது. கழிவறை, குழாய், சாக்கடை எதுவும் அதே வேகத்தில் வரவில்லை. குடியிருப்புகள் கால்வாய்க் கரையை ஒட்டியே எழுந்தன, ஏனென்றால் நீர் அங்கேதான் இருந்தது. நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று கூலிகளைச் சுட்டிக் காட்டுவது எளிது, அப்போதும் சுட்டினார்கள். அவர்களை அழைத்தது யார், எங்கே குடிவைத்தார்கள், கழிப்பறை கட்டினார்களா என்ற கேள்விகள் அந்தச் சுட்டுதலில் காணாமல்போகும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்ததா? எகிப்து அரை நூற்றாண்டு முன்பே பாடத்தை எழுதி வைத்திருந்தது. நைல் விவசாயத்தின் பழைய முறை எளியது. ஆண்டுக்கொரு முறை வெள்ளம் வரும், பாத்திகளில் நீரை நிறுத்துவார்கள், வடிந்தபின் விதைப்பார்கள், அறுவடைக்குப்பின் நிலமும் வாய்க்காலும் வெயிலில் வெடித்துக் கிடக்கும். மம்மிகளிலேயே புழுவின் முட்டைகள் கிடைத்திருக்கின்றன, நோய் பழையதுதான். ஆனால் ஆண்டுதோறும் அந்த வறட்சி நத்தைகளின் எண்ணிக்கையை வெட்டிவிடும். 19ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முகமது அலியும் அவருக்குப் பின்வந்தவர்களும் பருத்தியை நாட்டின் முதற்பயிராக்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது உலகச் சந்தையில் பருத்தி விலை ஏறியதும் அந்த மோகம் உச்சத்துக்குப் போனது. பருத்திக்குக் கோடையிலும் நீர் வேண்டும். அதற்காகக் கால்வாய்கள் ஆண்டு முழுவதும் நிரம்பி நின்றன. 1902இல் அஸ்வானில் பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய முதல் அணை அந்த முறையைத் தெற்கே கொண்டுபோனது.

பாத்திப் பாசனத்திலிருந்து ஆண்டுமுழுப் பாசனத்துக்கு மாறவிருந்த நான்கு இடங்களில், மாற்றத்துக்கு முன்னும் மூன்றாண்டு கழித்தும் மக்களைப் பரிசோதித்தார்கள் எகிப்திய ஆய்வாளர்கள் கலீலும் அசீமும். 1938இல் வெளிவந்த அவர்களின் கணக்கு இன்றும் திகைக்க வைக்கிறது. முன்பு 2 முதல் 11 விழுக்காடு பேருக்கு இருந்த தொற்று, பின்பு 44 முதல் 75 விழுக்காடு. ஊர் அதே ஊர். மக்கள் அதே மக்கள். பழக்கவழக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது வாய்க்காலில் நீர் நிற்கும் மாதங்களின் எண்ணிக்கை மட்டும். ‘சுத்தமில்லாத மக்களின் நோய்’ என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் படித்ததில்லை.

கானாவில் 1965இல் அகோசோம்போ அணை வோல்ட்டா ஏரியை உண்டாக்கியபோதும் இதே கதை. ஏரிக்கரைக் கிராமங்களின் சிறுவர்களிடம் தொற்று 90 விழுக்காட்டைத் தொட்டது. அந்த அணையின் மின்சாரத்தில் பெரும்பகுதி தேமா துறைமுகத்தின் அலுமினிய ஆலைக்குப் போனது. ஏரிக்கரை இருட்டில் கிடந்தது.

இங்கே ஒரு தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். ஈராயிரம் ஆண்டுகளாக ஏரியும் குளமும் வெட்டி, சேற்றில் இறங்கி நாற்று நடுகிற நமக்கு ஏன் இது வரவில்லை? மனிதப் புழுவுக்குப் பொருந்தும் நத்தை இங்கே பரவலாக இல்லை என்பதே பதில். நம் ஒழுக்கமோ சுகாதாரமோ அல்ல. இந்தியாவில் உறுதியாக அறியப்பட்ட ஒரே ஊர் மராட்டியத்தின் ரத்னகிரி மாவட்டத்து கிம்வி. 1952இல் அங்கே சிறுநீர் வகை நோய் பதிவானது, பின்பு மறைந்துபோனது. ஆனால் மாட்டுக்கு வரும் உறவுப் புழு நம் குளங்களில் தாராளமாக இருக்கிறது. மூக்குச் சிரைகளில் தங்கி, சதை வளரச்செய்து, மாட்டைக் குறட்டைவிட வைக்கும் சிஸ்டோசோமா நசாலே என்ற இனத்தை 1933இல் விவரித்தவர் எம். ஏ. என். ராவ். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்களுக்கு அந்தக் குறட்டை நன்றாகத் தெரியும். குளத்திலும் வயலிலும் இறங்கி வந்தபின் கால் அரிப்பதற்கும் சில சமயம் இத்தகைய விலங்குப் புழுக்களின் செர்கேரியாதான் காரணம்; தோலில் நுழைந்து, தவறான வீடென்று தெரிந்து அங்கேயே மடிகின்றன. நம்மைக் காப்பாற்றியது நத்தை இனத்தின் தற்செயல்.

மூன்றாவது கண்ணிக்கு வருவோம்: மனிதர் நீரில் இறங்குவது. சுகாதாரத் துறைகள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் பற்றிக்கொண்டிருக்கின்றன. ‘ஆற்றில் இறங்காதே’ என்று சுவரொட்டி ஒட்டுவதற்குச் செலவு குறைவு. ஆனால் ஒரு செனகல் கிராமத்தின் படித்துறையில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். துணி துவைக்கும், பாத்திரம் துலக்கும், குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்களும் சிறுமிகளும் மணிக்கணக்கில் முழங்காலளவு நீரில். கால்நடையைக் குடிக்க விடும் பையன்கள். மடைதிறக்கும் வயலாட்கள். மீனவர்கள். குழாய் வந்த இடங்களிலும் தண்ணீர் காசுக்குத்தான். குடிக்க வாங்குவார்கள், ஒரு குடும்பத்தின் அழுக்குத் துணியை வெளுக்க வாங்கமாட்டார்கள். கிணறு தோண்டினால் பழைய கடலின் உப்பு இன்னும் நிலத்தடியில் இருக்கிறது. அதில் சவர்க்காரம் நுரைக்காது. அப்புறம், துவைக்கும் இடம் பெண்களுக்குச் செய்தி பரிமாறும் இடமும்கூட. வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் ஒரு பத்து வயதுப் பையனை ஆற்றுக்கு அப்பால் நிறுத்துவது எந்தச் சுவரொட்டிக்கும் முடியாத காரியம். நோய் எப்படி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் பிசகாமல் சொல்வார்கள். தெரிந்திருப்பதால் போகும் இடம் மாறிவிடுவதில்லை.

வெட்கமும் ஒரு காரணி. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பையனுடைய சிறுநீரில் ரத்தம் வருவதை வயதுக்கு வருவதன் அடையாளமென்று எண்ணிவந்தார்கள்; அவ்வளவு பரவலான ஒன்றை நோயென்று எப்படி நினைப்பது? பெண்களின் நிலை இன்னும் மோசம். ஹெமட்டோபியம் முட்டைகள் கருப்பை வாயிலும் பிறப்புறுப்பிலும் சிக்கிப் புண்ணை உண்டாக்கும். வலி, ரத்தப்போக்கு, மலட்டுத்தன்மை. ஆப்பிரிக்காவில் இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் 5 கோடியே 60 லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கிராமத்துச் செவிலியர் இதைப் பால்வினை நோயென்று கருதி மருந்து எழுதுவார். கணவனும் மாமியாரும் அந்தப் பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பார்கள். ஆற்றில் துணி துவைத்ததற்குக் கிடைக்கும் தண்டனை. அந்தப் புண்கள் எச்.ஐ.வி. தொற்றுக்கு வழி திறக்கக்கூடும் என்பதற்கும் சான்றுகள் சேர்ந்துவருகின்றன.

மருந்து இருக்கிறது. நல்ல மருந்துதான். 1970களில் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட பிரசிகுவான்டெல், எடைக்கேற்பச் சில மாத்திரைகள், ஒரே வேளை. முன்பிருந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும். எகிப்தில் 1950கள் தொடங்கி 1980களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக ஆன்டிமணி உப்பை ஊசிமூலம் செலுத்தினார்கள். ஒருவருக்கு வாரமொன்றாக 12 முதல் 16 ஊசி. கண்ணாடிச் சிரிஞ்சுகள் சரியாகக் கொதிக்கவைக்கப்படாமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயின. உலகிலேயே மிக அதிகமான ஹெப்படைடிஸ் சி தொற்று எகிப்தில் பரவியதற்கு அந்தப் பெருமுயற்சியே பெரும் காரணமென்று 2000ஆம் ஆண்டு லான்செட் இதழில் வந்த ஆய்வு காட்டியது. பாசனம் கொண்டுவந்த புழுவைத் துரத்தப் போய், கல்லீரலை அரிக்கும் வைரஸ் வந்து சேர்ந்தது. அந்தக் கடனை எகிப்து இந்த நூற்றாண்டில்தான், கோடிக்கணக்கானோரைப் பரிசோதித்து மாத்திரை கொடுத்து, அடைத்தது.

பிரசிகுவான்டெல் அப்படிப்பட்ட ஆபத்தில்லாதது. மெர்க் நிறுவனம் 2007 முதல் பள்ளிச் சிறுவர்களுக்காக அதை இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஆண்டுக்கு 25 கோடி மாத்திரை வரை. ஆனால் ந்டோம்போவில் 1990களின் தொடக்கத்தில் முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தபோது முற்றிலும் குணமானவர்கள் 18 விழுக்காடுதான். புழு மருந்தை எதிர்க்கக் கற்றுவிட்டதோ என்று உலகமே பதறியது. விளக்கம் வேறு விதமாக அமைந்தது. பிரசிகுவான்டெல் முதிர்ந்த புழுவைக் கொல்லும், இளம்புழுவை விட்டுவிடும். ந்டோம்போ மக்களின் உடலில் புழுக்களின் எண்ணிக்கை அளவுகடந்து இருந்தது. புதிய இளம்புழுக்கள் அன்றாடம் நுழைந்துகொண்டே இருந்தன. மாத்திரை தன் வேலையைச் செய்தது, கால்வாய் தன் வேலையைச் செய்தது.

பள்ளி வழியாகக் கொடுப்பதிலும் ஓர் ஓட்டை உண்டு. பள்ளிக்கு வராத பிள்ளைகளும், குர்ஆன் பள்ளிகளில் தங்கியிருக்கும் சிறுவர்களும், தாயின் இடுப்பிலிருந்தபடியே நீரைத் தொடும் கைக்குழந்தைகளும் அந்த வரிசையில் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கேற்ற மாத்திரை வடிவத்துக்கு ஐரோப்பிய மருந்து முகமை 2023 டிசம்பரில்தான் சாதகமான கருத்துத் தெரிவித்தது. மாடும் ஆடும் இன்னொரு ஓட்டை. செனகலில் மனிதப் புழுவும் மாட்டுப் புழுவும் கலந்து கலப்பினங்கள் உருவாகியிருக்கின்றன. ஒரே துறையில் மனிதரும் மந்தையும் இறங்கினால் அது நடக்காமல் என்ன செய்யும்? 2013 கோடையில் பிரான்சின் கோர்சிகா தீவில் கவு ஆற்றில் குளித்தவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. மரபணுவை ஆராய்ந்தபோது அந்தக் கலப்புப் புழுவின் தாயகம் செனகல் பக்கம் என்று தெரிந்தது. ஐரோப்பிய இதழ்கள் அந்தக் கோடையைப் பற்றி எழுதிய பக்கங்கள், ரிஷார் டோலின் பத்தாண்டுகளுக்குக் கிடைத்ததைவிட அதிகமாக இருக்குமென்றே நினைக்கிறேன்.

நீரையே மாற்றி நோயை ஒழித்த நாடு ஒன்று உண்டென்றால் அது ஜப்பான். அங்கே இருந்தது சிஸ்டோசோமா ஜப்போனிகம் என்ற வேறோர் இனம். மாட்டையும் மனிதரையும் ஒருசேரத் தாக்குவது. 1904இல் ஆய்வாளர் கட்சுராடா புழுவைக் கண்டார். 1913இல் மியாயிரியும் சுசுகியும், புழு நத்தை வழியாகவே வருகிறது என்று உலகில் முதன்முதலாக நிறுவினார்கள். யமனாஷி மாகாணத்தின் கோஃபு சமவெளி விவசாயிகள் முதலில் நத்தையைக் கையால் பொறுக்கினார்கள். சுண்ணாம்பு தூவினார்கள். தீ வைத்தார்கள். கடைசியில் 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வாய்க்கால்களைக் கான்கிரீட்டால் கட்டினார்கள். ஓட்டம் வேகமானதால் நத்தை ஒட்டமுடியவில்லை. நெல்வயல்கள் திராட்சைக்கும் பீச்சுக்கும் மாறின. உழவு மாடு போய் இயந்திரம் வந்தது. 1996இல் யமனாஷி நோய் ஒழிந்ததென அறிவித்தது. விலையும் கொடுத்தார்கள்: கான்கிரீட் வாய்க்காலில் மின்மினிகள் குறைந்துபோயின, புழுவைச் சுமந்த மியாயிரி நத்தையே இன்று ஜப்பானில் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. ஒரு பணக்கார நாடு, ஒரு நூற்றாண்டு, ஒரு சிறு சமவெளி. செனகல் ஆற்றுக்கு அதை அப்படியே பரிந்துரைப்பவர்கள் கான்கிரீட்டின் விலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செனகலில் முயன்று பார்த்தது வேறு வழி. லாம்ப்சார் என்ற கிராமத்தின் படித்துறையில் வலையடைப்புக்குள் இறாலை விட்டார்கள். 2015இல் வெளிவந்த முடிவுப்படி, தொற்றுள்ள நத்தைகள் சுமார் 80 விழுக்காடு குறைந்தன. மாத்திரையோடு சேர்ந்தபோது மக்களிடம் வெளியாகும் முட்டைகளின் அளவு பாதியாக இறங்கியது. இறால் தானாகப் பெருகாது என்பதே இதன் பலவீனம். கடலுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும்வரை பொரிப்பகத்திலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அணையைக் கட்டும்போதே இறால் ஏற ஒரு வழி விட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவையும், இப்போது குஞ்சு வாங்க ஆகும் செலவையும் யாராவது பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

அடுத்த முயற்சி இன்னும் எளிது. படித்துறைகளில் மூழ்கிக் கிடக்கும் செரட்டோஃபில்லம் என்ற நீர்க்கொடியில்தான் நத்தைகள் மொய்த்திருந்தன. 16 கிராமங்களைத் தேர்ந்து, பாதியில் அந்தக் கொடியை வாரியெடுத்தார்கள். 400 டன்னுக்கும் மேல் சேர்ந்தது. 2023இல் நேச்சர் இதழில் வந்த கணக்குப்படி, கொடி அகற்றாத ஊர்ச் சிறுவர்களிடம் குடல்வகைத் தொற்று அகற்றிய ஊர்களைவிட இரு மடங்குக்கும் மேல். வாரிய கொடியை மக்க வைத்து இட்ட நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் கூடுதலாக விளைந்தன; ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனமாகவும் ஆனது. வயலிலிருந்து ஆற்றுக்கு வடிந்த உரம் மறுபடி வயலுக்கே திரும்பியது என்றும் சொல்லலாம்.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் விடையைவிட அது கணக்கை எழுதிய விதம். வழக்கமாகப் பாசனத்தின் வரவு வேளாண்துறையின் ஏட்டில் ஏறும், நோயின் செலவு சுகாதாரத்துறையின் ஏட்டில் ஏறும். இரண்டு ஏடுகளையும் ஒரே மேசையில் விரிப்பவர் யாருமில்லை. டன் கணக்கில் சர்க்கரைக்கு விலை போடும்போது ந்டோம்போச் சிறுவனின் கல்லீரல் அதில் சேர்வதில்லை. கொடி வாரும் திட்டத்தில் வரவும் செலவும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன: படித்துறை சுத்தமாகும், தீவனம் கிடைக்கும்.

ஆனாலும் இது சின்ன விடைதான். உரம் தொடர்ந்து வடிவதால் கொடி மறுபடி வளரும், மறுபடி வார வேண்டும். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்தபின் அந்த வேலை யார் தலையில் விழும் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டாம். படித்துறையில் ஏற்கெனவே நிற்பவர்கள் தலையில்தான். வாருகிறபோதும் நீரில் இறங்கித்தானே ஆக வேண்டும்! முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸை யார் வாங்கித் தருவது, சர்க்கரை ஆலையா, ஆற்று அமைப்பா, அரசா? உரத்தை நீருக்கு விட்டவர்களிடமிருந்து அதற்கு ஒரு கட்டணம் வசூலிக்கலாம். செனகல் ஆற்றில் மேலும் அணைகள் கட்டப்படுகின்றன. மாலியில் குயினா நீர்மின் நிலையம் 2022இல் திறக்கப்பட்டது. ரிஷார் டோலில் கரும்பு வெட்டு நடக்கிறது, பள்ளிகளில் மாத்திரை வழங்கப்படுகிறது, டியாமா உப்பை இன்றும் தடுத்து நிறுத்துகிறது.